தந்தி ஆபீஸிலிருந்து மெசேஜ் புரோக்கர் வரை



மலர்க் குழுச் செயலாளர் போன் செய்து, "உங்க துறையைப் பத்தி ஒரு கட்டுரை வேணும் சார். ஆனா கம்ப்யூட்டர் தெரியாதவங்களும் படிக்கணும்" என்று ஒரு நிபந்தனையும் சேர்த்துச் சொன்னார். போன தடவை மலரில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு நம் பேட்ச் நண்பர் ஒருவர், "டேய், நீ எழுதினதுல என் பேரைத் தவிர வேற எதுவும் புரியலடா" என்று சொன்னது அவர் காதுக்கும் எட்டியிருக்கும் போலிருக்கிறது. எனவே இந்த முறை ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, அதன் வரலாற்றை முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

நான் முப்பது வருடம் செய்த வேலை சர்வர் நிர்வாகம். அதாவது எங்கேயோ ஒரு குளிரூட்டிய அறையில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்கு உடம்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும், சரியில்லாவிட்டால் மருந்து கொடுப்பதும். நூறு சர்வரிடமும் தனித்தனியாகப் போய்ப் பேச முடியாது. நடுவில் ஒரு ஆள் வேண்டும். அந்த நடு ஆளுக்குத்தான் மெசேஜ் புரோக்கர் என்று பெயர். தமிழில் செய்தித் தரகர் எனலாம். தரகர் என்றதும் கமிஷன் ஞாபகம் வரவேண்டாம். இவர் காசு வாங்காமல் வேலை செய்பவர். ஆனால் அவரைச் சரியாக உட்கார வைக்காவிட்டால் நம்மிடம் வேறு விதத்தில் வசூல் செய்துவிடுவார். எனக்கு அந்த அனுபவம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கோரிமேட்டில் ஒரு காலை நேரம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்று கோரிமேட்டில் குடியிருக்கிறேன். காலையில் நடக்கப் போனால் திண்டிவனம் ரோட்டில் எல்லை வரை போய்த் திரும்புவது வழக்கம். அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் புதுவை. 1954 நவம்பர் 1 வரை இந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி. அன்று இது இரண்டு நாடுகளுக்கு நடுவே இருந்த வாசல். இன்று பையில் பாட்டில் இருக்கிறதா என்று அந்தப் பக்கத்துப் போலீஸ்காரர் பார்ப்பதோடு சரி.

விடியற்காலையிலேயே ஜிப்மருக்கு வரும் நோயாளிகள் பஸ்ஸிலிருந்து இறங்கி வேகமாக நடப்பார்கள். விழுப்புரம், திண்டிவனம், கடலூர் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறவர்கள். எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கவுன்ட்டரில் சீட்டுப் போடுபவரிடம் "கண்ணு மங்கலா இருக்குங்க" என்றால் போதும். அவர் சீட்டில் ஒரு துறையைக் குறித்துக் கொடுப்பார். அந்தத் துறையின் வாசலில் ஒரு வரிசை இருக்கும். உள்ளே எத்தனை டாக்டர் இருக்கிறாரோ அத்தனை பேரும் அந்த ஒரே வரிசையிலிருந்து ஆளைக் கூப்பிடுவார்கள். ஒரு டாக்டர் டீ குடிக்கப் போனால் வரிசை கலைந்துவிடாது, கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.

மெசேஜ் புரோக்கர் என்பது இதேதான். சீட்டு கொடுக்கும் இடத்துக்கு எக்ஸ்சேஞ்ச் என்று பெயர். சீட்டில் எழுதும் துறைக்கு ரூட்டிங் கீ என்று பெயர். வாசலில் நிற்கும் வரிசைக்கு க்யூ. உள்ளே இருக்கும் டாக்டருக்குக் கன்ஸ்யூமர். வந்தவருக்கும் டாக்டருக்கும் ஒருவரையொருவர் முன்பின் தெரியாது. தெரியாமலே வேலை நடக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் இந்தக் கட்டுரையில் பாதி முடிந்துவிட்டது.

ஒரு டாக்டர் போட்ட கம்பி

இந்த யோசனை கம்ப்யூட்டரோடு பிறந்ததல்ல. நம் நாட்டில் இதன் தாத்தா தந்தி இலாகா. அதைத் தொடங்கி வைத்தவரும் ஒரு டாக்டர்தான். வில்லியம் ஓஷானெஸ்ஸி என்ற ஐரிஷ்காரர். காலராவில் உடம்பின் நீரும் உப்பும் வெளியேறிவிடுவதால் அவற்றை ரத்தக் குழாய் வழியே திருப்பிக் கொடுக்கலாம் என்று 1831-32இலேயே ஆராய்ந்து எழுதியவர். இன்று ஆஸ்பத்திரிகளில் ஏற்றும் சலைன் பாட்டிலுக்கு முன்னோடி. பிறகு கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தபோது 1839இல் மின்சாரத் தந்தியைச் சோதித்துப் பார்த்தார். 1850இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே தந்திப் பாதை போடத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளுக்குள் கம்பி நாடு முழுவதும் ஓடியது.

தந்தியில் ஒரு சங்கடம் உண்டு. எல்லா ஊருக்கும் எல்லா ஊரிலிருந்தும் கம்பி இழுக்க முடியாது. பத்து ஊரை ஒன்றோடொன்று நேராக இணைக்க 45 கம்பி வேண்டும். நூறு ஊருக்கு 4,950. ஆகவே நடுவில் ஒரு பெரிய ஆபீஸ். எல்லாக் கம்பியும் அங்கே வரும். வந்த செய்தியை அங்கே எழுதி வைத்துக்கொண்டு, போகவேண்டிய கம்பி காலியானதும் அனுப்புவார்கள். டெலிபிரிண்டர் வந்த பிறகு செய்தி துளை போட்ட காகித நாடாவில் இறங்கும். ஊழியர் அதைக் கிழித்து, கையில் எடுத்துக்கொண்டு போய், அடுத்த ஊர் மிஷினில் மாட்டுவார். வாங்கி வைத்து அனுப்புதல் என்ற முறை இதுதான். பிற்பாடு நாடா கிழிக்கும் ஊழியரின் இடத்தில் கம்ப்யூட்டரை வைத்தார்கள். முறை மாறவில்லை.

நம் வயதுக்காரர்களுக்குத் தந்தியின் மற்ற சட்டதிட்டங்களும் ஞாபகம் இருக்கும். சாதாரணம், எக்ஸ்பிரஸ் என்று இரண்டு கட்டணம். பதிலுக்கும் சேர்த்து நாமே பணம் கட்டும் 'ரிப்ளை பெய்டு' தந்தி. வாழ்த்துகளுக்கு நம்பர். கல்யாண வாழ்த்து என்றால் முழு வாக்கியத்தையும் அனுப்ப வேண்டாம், நம்பரைக் குறித்துக் கொடுத்தால் அந்தப் பக்கம் முழு வாக்கியமாக அச்சாகும். இன்றைய மெசேஜ் புரோக்கர் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் இந்த மூன்றும் அப்படியே இருக்கின்றன. முன்னுரிமை வரிசை, பதில் வரவேண்டிய முகவரி, குறியீட்டுக் கட்டளை. விலாசம் தெரியாத கடிதங்களைத் தபால் இலாகா 'டெட் லெட்டர் ஆபீஸ்' என்ற இடத்துக்கு அனுப்பும். புரோக்கரிலும் யாரும் எடுத்துக்கொள்ளாத செய்தி போய்ச் சேரும் இடத்துக்கு 'டெட் லெட்டர் க்யூ' என்றே பெயர். பழைய ஆபீஸ் மூடினாலும் பெயர்ப்பலகை போகவில்லை.

2013 ஜூலை 14 ராத்திரியோடு இந்தியாவில் தந்தி நின்றது. அன்று கடைசித் தந்தி கொடுக்க ஊர் ஊராகக் கூட்டம் நின்றதை நீங்கள் படித்திருப்பீர்கள்.

பம்பாய்க்காரர் கட்டிய பஸ்

கம்ப்யூட்டர் உலகத்தில் இதைப் பெரிய அளவில் வியாபாரமாக்கியவர் நம் நாட்டில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. விவேக் ரணதிவே பம்பாயில் பிறந்து, அமெரிக்காவில் எம்ஐடியில் படித்தவர். கம்ப்யூட்டரின் உள்ளே பல அட்டைகள் ஒரே பொதுப் பாதையில் பேசிக்கொள்கின்றன. அந்தப் பாதைக்கு பஸ் என்று பெயர். அதைப்போல மென்பொருள்களும் பேசிக்கொள்ள ஒரு பொதுப் பாதை இருந்தால் என்ன என்று அவர் யோசித்தார். 1980களின் நடுவில் டெக்னெக்ரான் சாப்ட்வேர் சிஸ்டம்ஸ் என்ற கம்பெனியில் 'தி இன்பர்மேஷன் பஸ்' பிறந்தது.

நியூயார்க் பங்குச் சந்தை வியாபாரிகளின் மேஜையில் அந்தக் காலத்தில் பல திரைகள் இருக்கும். ஒவ்வொரு செய்தி நிறுவனத்துக்கும் ஒரு திரை. பஸ் வந்தபிறகு, விலை சொல்பவர் தலைப்புப் போட்டு ஒரு முறை சொன்னால் போதும், அந்தத் தலைப்புக்குச் சந்தாக் கட்டிய எல்லோருக்கும் போகும். கல்கண்டு பத்திரிகைக்குச் சந்தாக் கட்டியவருக்குக் கல்கண்டு வருகிற மாதிரி. 1994இல் ராய்ட்டர்ஸ் இந்தக் கம்பெனியை வாங்கியது. 1997இல் டிப்கோ என்ற பெயரில் தனிக் கம்பெனி உருவானது.

1993இல் ஐபிஎம் 'எம்க்யூ சீரிஸ்' கொண்டுவந்தது. இது முக்கியமாக வங்கிகளுக்கானது. செய்தி ஒரு தடவை உள்ளே போனால் தொலையக்கூடாது, இரண்டு தடவையும் போகக்கூடாது. பண விவகாரத்தில் இரண்டுமே விபரீதம்.

நம் நாட்டு வங்கிகளும் இந்த வழிக்கே வந்தன. ரிசர்வ் வங்கி 1996இல் ஐதராபாத்தில் ஐடிஆர்பிடி என்ற நிறுவனத்தை ஏற்படுத்தியது. 1999இல் இன்பினெட் என்ற வங்கி வலைப்பின்னல். 2001 டிசம்பர் 14இல் எஸ்எப்எம்எஸ் என்ற செய்திப் பரிமாற்ற அமைப்பு. வங்கிகள் ஒன்றோடொன்று நேராகப் பேசாமல் நடுவில் உள்ள மையத்தின் வழியாகப் பேசின. 2004 மார்ச் 26இல் ஆர்டிஜிஎஸ், 2005 நவம்பரில் என்இஎப்டி. இன்று பேரனுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வீட்டிலிருந்தே அனுப்புகிறோமே, அந்தப் பணத்துக்கு முன்னால் ஒரு செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது.

முயல் வந்த கதை

இவையெல்லாம் பெரிய கம்பெனிகள் பெரிய விலைக்கு விற்றவை. ஒரு கம்பெனியின் புரோக்கர் இன்னொரு கம்பெனியின் புரோக்கரோடு பேசாது. இந்தத் தொல்லை தாங்காமல் 2003இல் ஜேபி மார்கன் வங்கியில் ஜான் ஓஹாரா என்பவர் எல்லோருக்கும் பொதுவான ஒரு மொழி வேண்டும் என்று கிளம்பினார். அதுதான் ஏஎம்க்யூபி. 2007இல் லண்டனில் அந்த மொழி பேசும் இலவச புரோக்கர் ஒன்று வந்தது. பெயர் ரேபிட் எம்க்யூ. முயல்!

இந்த முயல் எழுதப்பட்ட மொழியின் பெயர் எர்லாங். ஸ்வீடன் நாட்டு எரிக்சன் கம்பெனி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக 1986 முதல் உருவாக்கிய மொழி. பல லட்சம் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும், ஒரு அழைப்பு அறுந்தால் மற்றது அறுந்துவிடக் கூடாது என்ற தேவைக்காகப் பிறந்தது. மொழியின் பெயரும் டென்மார்க் நாட்டுக் கணித மேதை ஏ.கே. எர்லாங்கை நினைவூட்டுவது. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த அவர் 1909இல், டெலிபோன் அழைப்புகள் வரும் விதத்தைப் பற்றிய கணக்கை வெளியிட்டார். க்யூவில் நிற்பதைப் பற்றிய கணிதத்துக்கு அதுவே தொடக்கம்.

ஆதார் எண் கொடுக்கும் வேலை 2010 செப்டம்பர் 29இல் மகாராஷ்டிரத்தின் தெம்பிளி கிராமத்தில் தொடங்கியதே, அதன் பின்னணியில் பதிவுகளை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு அனுப்பியதும் இந்த முயல்தான். நம் ஒவ்வொருவருடைய விரல் ரேகையும் அந்த வரிசையில் ஒரு தடவை நின்று வந்திருக்கிறது.

சர்வருக்குச் சொல்லும் சேதி

இனி என் துறைக்கு வருகிறேன். முன்பெல்லாம் ஒரு சர்வரில் ஏதாவது மாற்ற வேண்டுமானால் அதற்குள் நுழைந்து கட்டளையைத் தட்ட வேண்டும். பத்து சர்வர் என்றால் பத்து தடவை. இருநூறு என்றால் ராத்திரி போய்விடும். நடுவில் ஏழாவதை விட்டுவிட்டோமா, எட்டாவதுக்கு இரண்டு முறை கொடுத்தோமா என்ற சந்தேகம் வேறு.

2009 வாக்கில் எம்கலெக்டிவ் என்ற மென்பொருள் வந்தது. ஆக்டிவ் எம்க்யூ அல்லது ரேபிட் எம்க்யூ நடுவில் உட்காரும். எல்லா சர்வரிலும் ஒரு சின்ன ஏஜென்ட் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "சென்னையில் இருப்பவர்களில் இந்தப் பதிப்பு ஓடுபவர்கள் மட்டும் கையைத் தூக்குங்கள்" என்று நான் ஒரு தடவை கூப்பிட்டால், உரியவர்கள் மட்டும் பதில் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுப்பது மாதிரி. 2011இல் வந்த சால்ட் என்ற மென்பொருளும் இதே வழிதான். எம்கலெக்டிவ் 2018இல் பப்பெட் 6 பதிப்போடு விலக்கப்பட்டது. வழி மட்டும் நிலைத்துவிட்டது.

முதன்முதலில் நூற்றுச் சொச்சம் சர்வர்கள் ஆறு விநாடியில் பதில் சொன்னதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை. அந்தச் சந்தோஷத்தில்தான் கண் மறைந்தது.

தீபாவளிக்கு முன்னால் ஒரு ராத்திரி

2014. தீபாவளிக்கு நான்கு நாள். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. பெயர் வேண்டாம். தப்பு கம்பெனியுடையது அல்ல, என்னுடையது. எங்களிடம் 200 சர்வர். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஒரு தடவை "நான் நன்றாக இருக்கிறேன்" என்று புரோக்கருக்குச் செய்தி அனுப்பும். அதைப் பார்த்துச் சுவரில் உள்ள பெரிய திரையில் பச்சை விளக்கு எரியும். அனுப்புபவர் ஏதாவது கோளாறு சொன்னால் சிவப்பு.

அன்று ராத்திரி பதினொன்றரைக்குத் திரை முழுக்கப் பச்சை. ஒரு மில்லுக்கு நாங்கள்தான் சம்பளக் கணக்கு ஓட்டினோம். அந்த ராத்திரி ஆயிரத்துச் சொச்சம் தொழிலாளிகளின் போனஸ் பட்டியல் வங்கிக்குப் போக வேண்டும். மில் மேனேஜர் போனில் கேட்டார். நான் திரையைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லா இருக்கு சார், நிம்மதியா தூங்குங்க" என்றேன். நானும் தூங்கப் போனேன்.

காலை ஒன்பதரைக்கு அவரே கூப்பிட்டார். "ஏம்ப்பா, எல்லாம் பச்சையா இருக்குன்னுதானே ராத்திரி சொன்னே? பேங்க்ல எதுவும் வரலைங்கறாங்களே?"

திரையைப் பார்த்தேன். அப்போதும் பச்சை. அந்தச் சர்வருக்குள் நேராக நுழைந்து பார்த்தால், முந்தின இரவு 11.40க்கே அது நின்றுபோயிருந்தது. இன்னும் இரண்டு சர்வர்களும் அப்படியே. பிறகு புரோக்கருக்குள் போனேன். அதன் டிஸ்க் நிரம்பி வழிந்திருந்தது. இடம் தீர்ந்ததும் புரோக்கர் புதுச் செய்தி வாங்குவதை நிறுத்திவிட்டது. அது அதன் சுபாவம். கையில் இருப்பதைத் தொலைக்காமல் காப்பாற்ற, வருபவரை வாசலிலேயே நிறுத்திவிடும். இருநூறு சர்வர்களும் வாசலில் செய்தியோடு நின்றுகொண்டிருந்தன. எதுவும் உள்ளே போகவில்லை. புதுச் செய்தி வராததால் திரை கடைசியாகக் கேட்ட நல்ல செய்தியையே காட்டிக்கொண்டிருந்தது.

ஏன் நிரம்பியது? பதினேழு நாளுக்கு முன் ஒரு சோதனைக்காக நான் ஒரு க்யூ உண்டாக்கினேன். எல்லாச் செய்திக்கும் ஒரு நகல் அதில் விழட்டும் என்று போட்டேன். சோதனை முடிந்தது. க்யூவை மறந்துவிட்டேன். அதிலிருந்து எடுப்பவர் யாரும் இல்லை. ஒரு நாளைக்கு 1,440 நிமிடம். 200 சர்வர். ஆக நாளுக்கு 2,88,000 செய்தி. 17 நாளில் 48,96,000. ஒவ்வொன்றும் எட்டு கிலோபைட் என்று வையுங்கள். சுமார் 39 ஜிகாபைட். டிஸ்க்கின் மொத்த அளவே 40. டாக்டர் இல்லாத அறை வாசலில் பதினேழு நாள் ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

போனஸ் ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ஒரு நாள்தானே என்பீர்கள். தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் என்றால் என்ன என்பது மாதச் சம்பளக்காரர்களுக்குத் தெரியும். மேனேஜர் என்னைத் திட்டவில்லை. "கேட்ல நிக்கிறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது, அதை மட்டும் சொல்லு" என்றார். பத்து வருடம் தாண்டியும் அந்தக் கேள்வி காதில் இருக்கிறது. அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு எழுதி வைத்துக்கொண்டதைத்தான் கீழே சொல்கிறேன். இந்தத் துறையில் இருக்கும் நம் இளைய மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

தரகரை உட்கார வைக்கும் விதம்

முதலாவது, செய்திக்கு ஆயுள் வேண்டும். "மூன்று மணிக்கு நான் நன்றாக இருந்தேன்" என்ற செய்தி ஐந்து மணிக்கு யாருக்கும் பிரயோஜனமில்லை. இத்தனை விநாடிக்குப் பின் செல்லாது என்று எழுதிவிட வேண்டும். எம்கலெக்டிவில் ஒரு நிமிடம் என்று வைத்திருந்தார்கள். இதில் ஒரு கிளைச் சிக்கல் உண்டு. ஒரு சர்வரின் கடிகாரம் இரண்டு நிமிடம் தப்பாக ஓடினால், இப்போது அனுப்பிய கட்டளையும் அதற்குக் காலாவதியானதாகத் தெரியும், பதில் சொல்லாது. ஆகவே புரோக்கரைத் தொடுமுன் எல்லாக் கடிகாரத்தையும் ஒன்றாக்குங்கள்.

இரண்டாவது, வரிசைக்கு நீளம் வேண்டும். இத்தனை செய்திக்கு மேல் நிற்கக்கூடாது, இத்தனை நாள் யாரும் தொடாத க்யூ தானாக அழிய வேண்டும் என்று விதி போடலாம். ரேபிட் எம்க்யூவில் இதற்கு ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை நான் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மூன்றாவது, டிஸ்க் எல்லை. காலி இடம் 50 மெகாபைட்டுக்குக் கீழே போனால்தான் நிறுத்துவேன் என்பது ரேபிட் எம்க்யூ பழக்கமாக வைத்திருக்கும் கணக்கு. அது சோதனைக்குச் சரி, தொழிலுக்குச் சரியல்ல. சர்வரின் நினைவக அளவுக்காவது காலி இடம் வைத்து, அதற்கும் முன்னாலேயே எச்சரிக்கை வரச் செய்ய வேண்டும்.

நான்காவது, யார் என்ன செய்யலாம் என்ற அதிகாரம். புதிதாகப் போட்ட புரோக்கரில் 'கெஸ்ட்' என்ற பெயரும் அதே கடவுச்சொல்லும் இருக்கும். 2014 முதல் வெளியிலிருந்து அந்தப் பெயரில் நுழைய முடியாது என்று மாற்றியிருக்கிறார்கள். ஆனாலும் அதை அழித்துவிட்டு, சர்வருக்கு ஒரு பெயர், நிர்வாகிக்கு ஒரு பெயர் என்று தனித்தனியாகக் கொடுங்கள். 5672 என்ற வாசலில் செய்தி திறந்தபடி போகும், 5671இல் பூட்டிப் போகும். பூட்டிய வாசலையே பயன்படுத்துங்கள். இரண்டையும் இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்காதீர்கள். 2023 அக்டோபரில் ஆக்டிவ் எம்க்யூவில் ஒரு பெரிய ஓட்டை வெளியானதும், பூட்டி வைத்துப் பணம் பறிக்கும் கூட்டம் சில நாளிலேயே அதன் வழியாக நுழைந்தது. எல்லாச் சர்வருக்கும் கட்டளை போகும் இடம் திருடன் கையில் கிடைத்தால் எல்லாச் சர்வரும் அவன் கையில்.

ஐந்தாவது, ஒரே தரகரை நம்பாதீர்கள். மூன்று பேர் இருக்கட்டும். இரண்டு பேர் இருந்தால், ஒருவரோடொருவர் தொடர்பு அறுந்தபோது யார் சொல்வது சரி என்று தெரியாது. மூன்று என்றால் பெரும்பான்மை தெரியும். 2019 முதல் ரேபிட் எம்க்யூவில் இப்படிப் பெரும்பான்மை பார்த்துச் செயல்படும் வரிசைகள் உள்ளன. 2024இல் வந்த நான்காம் பதிப்பில் பழைய நகல் வரிசை முறையையே எடுத்துவிட்டார்கள்.

கடைசியாகச் சொல்வது எனக்கு மிகவும் முக்கியமானது. செய்தி வராததை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. இரண்டு நிமிடம் ஒரு சர்வர் பேசாவிட்டால் விளக்கு சிவப்பாக வேண்டும். புரோக்கரைக் கண்காணிப்பவர் புரோக்கர் வழியாகச் சேதி அனுப்பக்கூடாது, வேறு வழி வேண்டும். எங்களிடம் அதற்குப் பிறகு தனியாக ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வைத்தோம். புரோக்கருக்கு ஒரு செய்தி போட்டு, அது திரும்பி வருகிறதா என்று பார்ப்பது ஒன்றுதான் அதன் வேலை. வராவிட்டால் நேராக என் செல்போனுக்கு எஸ்எம்எஸ் வரும்.

வில்லியனூரும் நல்லவாடும்

இதையெல்லாம் நான் சென்னையில் சூடுபட்டுக் கற்றுக்கொண்டேன். ஆனால் நம் புதுவையில் அதற்குப் பல வருடம் முன்பே கம்ப்யூட்டர் படிக்காதவர்கள் இதை நடத்திக் காட்டியிருந்தார்கள்.

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுவைக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. நடு மையம் வில்லியனூர். கிராமங்களுக்கு அப்போது நல்ல டெலிபோன் லைன் கிடையாது. அதனால் விஎச்எப் ரேடியோ வழியாகவே பேச்சும் தகவலும் அனுப்பினார்கள். கரண்ட் நின்றால் சூரிய மின்சாரம். வில்லியனூரில் செய்திகளைத் திரட்டித் தமிழில் எழுதி, எந்த ஊருக்கு எது வேண்டுமோ அதை அனுப்புவார்கள். விவசாயக் கிராமத்துக்கு விலைவாசி. வீராம்பட்டினத்துக்கு அலை உயரம். அந்த அலை உயரம் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்தது. வீராம்பட்டினத்தில் அதை ஒலிபெருக்கியில் படிப்பார்கள். வலை பின்னிக்கொண்டிருப்பவர் தலை நிமிராமலே கேட்டுக்கொள்வார். தலைப்பு வாரியாகச் சந்தா, நடுவில் தரகர், கடைசியில் ஒலிபெருக்கி. வேறென்ன வேண்டும்?

2004 டிசம்பர் 26 காலை. நல்லவாடு மீனவர் வீட்டுப் பிள்ளை ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். டிவியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் போட்டார். கடல்தண்ணீர் ஊருக்குள் வருகிறது என்று வீட்டில் சொன்னார்கள். உடனே எல்லோரையும் வெளியே ஓடச் சொன்னார். தகவல் மையம் பூட்டியிருந்தது. ஊர்க்காரர்கள் பூட்டை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்த அந்த ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. படகுகள் போயின, வீடுகள் போயின. ஆட்கள் மிஞ்சினார்கள்.

அன்று வில்லியனூர் வழியாக அந்தச் செய்தி வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வழக்கமான தரகர் சொல்லாதபோது வேறு வழியில் செய்தி வந்தது. வந்ததை ஒரே நொடியில் எல்லோருக்கும் சொல்ல ஒலிபெருக்கி தயாராக இருந்தது. பல வருடமாக அதில் வந்த அலை உயரத்தைக் கேட்டுப் பழகியதால் ஜனங்களும் அதை நம்பினார்கள். நான் மேலே எழுதிய ஐந்தாறு விதிகளில் எதையும் அவர்கள் படித்ததில்லை.

முடிக்குமுன்

நம் பழைய மாணவர் சங்கமும் ஒரு தரகர்தான். யார் எங்கே இருக்கிறார் என்று நமக்குத் தெரியாவிட்டாலும் செயலாளரிடம் ஒரு சேதி சொன்னால் எல்லோருக்கும் போய்விடுகிறது. இந்தத் தடவை அழைப்பு அனுப்பியதில் கணிசமானவை விலாசதாரர் இல்லை என்று திரும்பி வந்தன என்றார். இன்னும் பல போய்ச் சேர்ந்தனவா என்றே தெரியவில்லை. பதில் இல்லை. "பதில் வரலைன்னா நல்லா இருக்காங்கன்னு நெனைச்சுக்க வேண்டியதுதான் சார்" என்று அவர் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சுவர்த் திரை ஞாபகம் வந்தது.

போன வருடம் நம் பேட்ச் நண்பர் ஒருவர் காலமான செய்தி எனக்கு நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை என் மனசில் அவருக்குப் பச்சை விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது.

ஆகையால் என் வேண்டுகோள் இதுதான். சங்கத்திலிருந்து கடிதமோ செய்தியோ வந்தால், கூட்டத்துக்கு வர முடியாவிட்டாலும் "கிடைத்தது" என்று ஒரு வார்த்தை திருப்பி அனுப்புங்கள். எங்கள் தொழிலில் அதற்கு அக்னாலெட்ஜ்மென்ட் என்று பெயர். அது வராதவரை செய்தி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு இல்லை. ஒவ்வொரு பேட்சிலும் ஒருவர், வருடத்துக்கு ஒரு தடவை, பேசாமல் இருக்கும் நண்பர்களைத் தானாகக் கூப்பிட்டு விசாரித்தால் இன்னும் நல்லது. நம் பேட்சுக்கு அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை யாருக்காவது போன் வந்தால் எடுத்துப் பேசுங்கள்.



கோரிமேடு, புதுச்சேரி